விலை இரண்டு மடங்கு, குறியும் இரண்டு மடங்கா?

கேள்வி: துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை கிளப் துப்பாக்கியில்தான் சுட்டு வருகிறேன். இப்போது உரிமம் கைக்கு வந்துவிட்டது. சொந்தமாக .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு, ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் வாங்கப் போகிறேன். 100 மீட்டர், 300 மீட்டர் காகித இலக்குகள் மட்டும்தான், வேட்டை கிடையாது. மாதம் 80 தோட்டா சுடுவேன். கடையில் ஒரு சாகோ ரைபிளைக் கையில் எடுத்துப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. ஆனால் விலை, டிக்கா என்ற ரைபிளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. “இரண்டும் ஒரே தொழிற்சாலையில் செய்வதுதான், பெயருக்குத்தான் காசு” என்கிறார் நண்பர். “சுட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்” என்கிறார் கடைக்காரர். இப்போது 100 மீட்டரில் ஐந்து தோட்டா குரூப் (ஓட்டைகளின் பரவல்) 6 சென்டிமீட்டர் வருகிறது. அதிகப் பணம் கொடுப்பது சரிதானா? கிளப் உறுப்பினர் ஒருவர் தன் பழைய சாகோவையும் விற்கிறார். அதை எடுக்கலாமா?

பதில்: ஒரே தொழிற்சாலை என்று நண்பர் சொன்னது உண்மை. சாகோ, டிக்கா இரண்டுமே ஃபின்லாந்தின் ரீஹிமாகி நகரில் ஒரே இடத்தில் உருவாகின்றன. இரண்டின் பேரலும் அங்கேயே சுத்தியல் முறையில் அடித்து உருவாக்கப்படுபவைதான். குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளத்தின் எதிர்வடிவம் கொண்ட கடினமான தண்டு ஒன்றை எஃகுக் குழாய்க்குள் விட்டு, சுற்றிலும் இருந்து இயந்திரச் சுத்தியல்களால் அடிப்பார்கள். எஃகு தண்டின்மேல் இறுகி, உள்ளே வரிப்பள்ளம் பதிந்துவிடும். இயந்திரத்துக்கு ஆகும் முதலீடு பெரிது. அதைப் போட்டுவிட்டால் பேரல் சளைக்காமல் வந்துகொண்டே இருக்கும், தரமும் ஏறி இறங்காது. அதனால் குறியைத் தீர்மானிப்பதில் முதல் இடம் பிடிக்கும் பேரலில், உங்கள் நண்பர் பக்கம்தான் நியாயம். “பெயருக்குத்தான் காசு” என்ற அடுத்த பாதியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இரண்டு பெயரும் தரும் உத்தரவாதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிக்கா, மூன்று தோட்டாக்கள் ஒரு எம்ஓஏ-வுக்குள் விழும் என்கிறது. சாகோ, ஐந்து தோட்டாக்கள் ஒரு எம்ஓஏ-வுக்குள் விழும் என்கிறது. எம்ஓஏ என்பது சிதறலைச் சொல்லும் கோண அளவு; ஒரு எம்ஓஏ 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர். மூன்றுக்கும் ஐந்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். உண்டு. தோட்டாக்கள் சிதறும் விதம் மாறாமல் இருந்தாலும், கூடுதலாகச் சுடச் சுட, ஓரத்தில் ஒன்று போய் விழும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். மூன்று தோட்டாவில் சராசரி 1 அங்குலம் காட்டும் அதே துப்பாக்கி, ஐந்தில் சுமார் 1.27 அங்குலமும் பத்தில் சுமார் 1.58 அங்குலமும் காட்டும். துப்பாக்கி கெட்டுவிடவில்லை, எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது. ஆகவே ஐந்து தோட்டா வாக்குறுதி தருபவர் உண்மையிலேயே கடினமான வாக்குறுதி தருகிறார். ஆனால் உத்தரவாதம் என்பது கீழ்வரம்பு. டிக்காவில் பல, சொன்னதைவிட நன்றாகவே சுடும்.

விலை ஏறினால் வாக்குறுதியும் ஏறியே தீரும் என்று எண்ண வேண்டாம். வெதர்பி நிறுவனத்தின் விலை உயர்ந்த மார்க் V-க்கும், ஜப்பானின் ஹோவா தயாரித்துத் தரும் மலிவான வான்கார்டுக்கும் ஒரே உத்தரவாதம்தான்: 100 கெஜத்தில் மூன்று தோட்டா, 0.99 அங்குலத்துக்குள், நல்ல தொழிற்சாலைத் தோட்டாவில். விலையில் எவ்வளவு தூரம் இருந்தாலும், குறியைப் பற்றிக் கம்பெனியே கையெழுத்திடத் தயாராக இருப்பது ஒரே எண்ணுக்குத்தான்.

கைபேசியில் ஒரு குரூப் படம் காட்டி “என் துப்பாக்கி அரை எம்ஓஏ” என்பவர்களை நீங்களும் கிளப்பில் பார்த்திருப்பீர்கள். மூன்று ஓட்டை, ஒரே காகிதம். அது அன்றைய நல்ல நேரத்தின் படம், அவ்வளவுதான். மற்ற காகிதங்கள் குப்பைத் தொட்டியில் இருக்கும்.

சரி, உங்கள் 6 சென்டிமீட்டருக்கு வருவோம். கணக்கு பார்த்தால்தான் இது புரியும். துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்து தரும் சிதறல் ஒன்று, சுடுபவர் சேர்க்கும் சிதறல் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்பதால் அப்படியே கூட்ட முடியாது. இரண்டையும் தனித்தனியாக வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உங்கள் கிளப் துப்பாக்கி தனக்குத்தானே ஐந்து தோட்டாவில் 3 சென்டிமீட்டர் தரும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6 என்றால் உங்கள் பங்கு 5.2. இப்போது 2 சென்டிமீட்டர் தரும் அருமையான துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் மொத்தம் எவ்வளவு? 5.6 சென்டிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. அதையே திருப்பிப் பாருங்கள். துப்பாக்கி அதே 3-ல் நிற்கட்டும், பயிற்சியில் உங்கள் பங்கை 5.2-லிருந்து 3.5-க்குக் கொண்டுவந்தால் மொத்தம் 4.6 ஆகிவிடும். நான்கு மில்லிமீட்டருக்காக இரண்டு மடங்கு விலையா என்பது உங்கள் முடிவு. குறிக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் என் பதில், வேண்டாம்.

உங்கள் பங்கு 3 சென்டிமீட்டருக்குக் கீழே வந்த பிறகு இந்தக் கணக்கு மாறும், அப்போது துப்பாக்கியின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் தாளில் தெரியும். அந்தக் கட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைத் துப்பாக்கியோடு நிற்பதில்லை. பேரலைத் தனியாகப் போட்டுக்கொள்ளப் போய்விடுகிறார்கள். விலை உயர்ந்த தொழிற்சாலை ரைபிள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது என்பது, துப்பாக்கிப் பட்டறையில் இருந்து பார்க்கிற எனக்குத் தோன்றுவது.

அப்படியானால் அந்தப் பணம் எங்கே போகிறது? நீங்கள் கடையில் உணர்ந்தீர்களே, அங்கேதான். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தபோது தள்ளாட்டம் இல்லாமல் வந்திருக்கும். வழித்தடத்தை மெருகேற்றுவது இயந்திர நேரம், கை நேரம் இரண்டும் கேட்கும் வேலை. டிக்காவின் போல்ட்டும் வழவழப்பானது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாகோவின் மேகஸினைப் பாருங்கள். எஃகினால் ஆனது, தோட்டாக்கள் இரண்டு வரிசையாக அமரும், கழற்றாமல் மேலிருந்தே நிரப்பலாம். டிக்காவினது பெரும்பாலும் பிளாஸ்டிக், ஒற்றை வரிசை, கழற்றித்தான் நிரப்ப வேண்டும். டிக்காவில் சின்னத் தோட்டாவுக்கும் பெரிய தோட்டாவுக்கும் ஒரே நீள உடல்தான் (போல்ட் ஓடும் பகுதி). சாகோவில் தோட்டாவுக்குத் தக்கபடி உடலின் அளவே மாறும். சாகோ 85 மாதிரியில் போல்ட்டைப் பூட்டும் லக் (புடைப்பு) மூன்று, டிக்காவில் இரண்டு. அப்புறம் மரம். நல்ல ரேகை ஓடும் வால்நட் கட்டை கிடைப்பதே அரிது, அதைத் தேர்ந்து, காயவைத்து, எண்ணெய் ஏற்றுவதற்கு ஆகும் செலவு எந்த இலக்குத் தாளிலும் தெரியாது. கையில் பிடிக்கும்போது மட்டும் தெரியும்.

இந்த வகைச் செலவு சுடுதிறனோடு எவ்வளவு குறைவாகச் சம்பந்தப்பட்டது என்பதற்கு வின்செஸ்டர் மாடல் 70-ன் கதையே போதும். 1936-இல் வந்தபோது அதில், மவுசர் 98 என்ற பழைய ஜெர்மன் ரைபிளின் வழியில், தோட்டாவின் விளிம்பை மேகஸினிலிருந்து கிளம்பும்போதே கவ்விக்கொள்ளும் நீளமான எக்ஸ்ட்ராக்டர் இருந்தது. செலவைக் குறைக்க 1964-இல் அதை எடுத்துவிட்டு எளிய அமைப்பைப் போட்டார்கள், கட்டையில் கையால் வெட்டிய கோடுகளுக்குப் பதில் அச்சால் அழுத்திய கோடுகள் வந்தன. வாங்குகிறவர்கள் கொதித்துப் போனார்கள். இன்றுவரை ‘64-க்கு முந்தியது’ என்றால் பழைய சந்தையில் தனி மதிப்பு. 1990-களில் பழைய அமைப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நடுவில் வந்த துப்பாக்கிகள் குறி பார்த்துச் சுடத்தான் செய்தன. மக்கள் இழந்ததாக நினைத்தது நம்பகமான தோட்டா ஊட்டலையும் வேலைப்பாட்டையும். ஆபத்தான மிருகத்தின் முன் நிற்கும் வேட்டைக்காரருக்கு அந்த எக்ஸ்ட்ராக்டர் உயிர்ப் பிரச்சினை. காகித இலக்கின் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு, தோட்டா ஒருமுறை சிக்கினால் முப்பது விநாடி எரிச்சல்.

மறுபக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் எல்லாத் துப்பாக்கியும் ஒன்றுதான் என்று நான் சொன்னதாகிவிடும். மிக மலிவான ரகங்களில் பேரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சேவேஜ் 110 மாதிரியில் பேரலை ஒரு நட்டு கொண்டு இறுக்குவதால், தோட்டா அறையின் இடைவெளியைத் துல்லியமாக வைக்கக் கைத்தேர்ந்த ஆள் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. மலிவுத் துப்பாக்கி இவ்வளவு நன்றாகச் சுட ஆரம்பித்ததற்கு இதுபோன்ற உற்பத்தித் தந்திரங்கள்தான் காரணம். அங்கே ஏமாற்றுவது அடிக்கட்டை. மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டாக்கின் முன்பகுதியைக் கையால் அழுத்தினாலே வளைந்து பேரலில் போய் இடிக்கும். பைபாட் (இரட்டைக் கால் தாங்கி) பொருத்தி அதன்மேல் சாய்ந்து சுட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு இடிக்கும், குரூப் அலையும். கடையில் ஒரு தாள் துண்டைப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுழைத்து, முன்னிருந்து உடல் வரைக்கும் தடையில்லாமல் இழுக்க முடிகிறதா பாருங்கள். பிறகு முன்கட்டையைப் பேரலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுங்கள். இரண்டாவது முறை தாள் சிக்கினால் அந்தக் கட்டையை ஒருநாள் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

அதனால் என் கணக்கில், அடிமட்டத்திலிருந்து நடுத்தட்டுக்கு ஏறும் பணம் நன்றாகச் செலவான பணம். நடுத்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு ஏறும் பணம் பெரும்பகுதி அனுபவத்துக்கான பணம். அது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல பேனாவில் எழுதினால் கையெழுத்து மாறாது, ஆனால் எழுத உட்காரத் தோன்றும். ஒருவருக்கு அந்தச் சாகோ வாரா வாரம் ரேஞ்சுக்கு இழுத்துப் போகும் என்றால் அதுவும் ஒரு பலன்தான். ஆனால் கடைக்காரர் அதைக் குறியின் பெயரில் விற்கக் கூடாது.

உங்களுக்கு உண்மையில் பெரிய வித்தியாசம் தரும் ஒன்றைக் கடிதத்தில் நீங்கள் கேட்கவே இல்லை: எடை. கடையில் கையில் எடுத்தது மரக்கட்டையும் மெல்லிய பேரலும் கொண்ட வேட்டை ரகமாகத்தான் இருக்கும், அந்த வகைதான் கையில் அழகாக உட்காரும். வேட்டைக்காரர் நாள் முழுக்கச் சுமந்து நடந்து ஒன்றோ இரண்டோ தோட்டா சுடுகிறார். நீங்கள் சுமப்பதில்லை, ஒரே அமர்வில் இருபது முப்பது சுடுகிறீர்கள். மெல்லிய பேரல் ஐந்தாறு தோட்டாவிலேயே சூடேறி, மேலே எழும் வெப்பக் காற்று ஸ்கோப்பில் இலக்கை நெளியவைக்கும். உதைப்பும் எடைக்கு எதிராகப் போகும்: அதே தோட்டாவை 3 கிலோ துப்பாக்கிக்குப் பதில் 4.5 கிலோ துப்பாக்கியில் சுட்டால் தோளுக்கு வரும் உதைப்பு ஆற்றல் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். .308 ஒன்றும் கொடூரமான தோட்டா அல்ல. ஆனால் முப்பதாவது தோட்டாவில் நீங்கள் அறியாமலே ட்ரிக்கரை வெடுக்கென்று இழுக்க ஆரம்பிப்பீர்கள், தோள் முன்கூட்டியே சுருங்கும். உங்கள் 5.2 சென்டிமீட்டரில் ஒரு பகுதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். டிக்காவிலேயே கனமான பேரல் கொண்ட டி3எக்ஸ் வார்மின்ட் இருக்கிறது, நடுத்தரக் கனத்தில் பத்துத் தோட்டா மேகஸினோடு சிடிஆர் இருக்கிறது. மெல்லிய பேரல் சாகோவைவிட இவை இரண்டும் உங்கள் வேலைக்குப் பொருத்தம்.

மிச்சமாகும் பணத்தை முதலில் ஸ்கோப்பிலும் அதைத் துப்பாக்கியில் பொருத்தும் மவுண்ட்டிலும் போடுங்கள். குமிழைச் சுழற்றினால் குறிப்புள்ளி சொன்ன அளவு நகர்ந்து, திருப்பினால் திரும்பி அதே இடத்துக்கு வரும் ஸ்கோப் தேவை. 300 மீட்டருக்கு நீங்கள் நகர்த்தத்தான் போகிறீர்கள். மவுண்ட் திருகுகளை முறுக்குவிசை அளவுள்ள கருவியால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். “துப்பாக்கி சரியில்லை” என்று பட்டறைக்கு வருவதில் கணிசமானவை தளர்ந்த மவுண்ட்தான். சாகோ 85-ன் உடலில் சரிவான வால்பள்ளம் (மவுண்ட் அமரும் தடம்) இருப்பதால் அதற்கென்றே செய்த மவுண்ட் வேண்டும், அந்தச் செலவை விலையோடு கூட்டிப் பார்த்தீர்களா என்றும் தெரியவில்லை.

அடுத்தது தோட்டா. வெவ்வேறு எடைக் குண்டுகளில் மூன்று நான்கு வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்துத் தோட்டா சுட்டுப் பாருங்கள், ஐந்து போதாது. ஒரே துப்பாக்கியில் பிடித்த தோட்டாவுக்கும் பிடிக்காத தோட்டாவுக்கும் இருக்கும் இடைவெளி, பல சமயம் டிக்காவுக்கும் சாகோவுக்கும் இருக்கும் இடைவெளியைவிடப் பெரியது. பிடித்தது கிடைத்ததும் அதே தயாரிப்பு எண்ணில் மொத்தமாக வாங்கிவிடுங்கள். மாதம் 80 என்றால் வருஷத்துக்கு ஆயிரத்தை நெருங்குகிறீர்கள். .308 பேரல் சாதாரணமாக 5000 தோட்டா சுற்றளவில் தேய ஆரம்பிக்கும். பேரலும் தேய்ந்து போகும் பொருள்தான், டயர் மாதிரி இல்லாவிட்டாலும் பட்ஜெட்டில் ஒரு இடம் அதற்கும் வேண்டும்.

ஆக, முதல் துப்பாக்கியாக டிக்காவின் கனமான பேரல் ரகத்தை எடுங்கள். கொஞ்ச காலம் கழித்து, உங்கள் பத்துத் தோட்டா குரூப்கள் 4 சென்டிமீட்டருக்குள் வரிசையாக விழும்போதும் மனசு சாகோவிலேயே இருந்தால் வாங்குங்கள், அப்போது எதை வாங்குகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். இல்லை, இப்போதே வேண்டும், பணம் ஒரு தடையில்லை என்றால் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ட்ரிக்கர் உங்கள் விரலுக்குப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டிலும் நல்ல ட்ரிக்கர்தான், ஆனால் விரல் ஆளுக்கு ஆள் வேறு.

பழைய சாகோ பற்றி. விலை சரியாக இருந்தால் எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது, ஏனென்றால் மேல்தட்டுத் துப்பாக்கியில் நீங்கள் பணம் கொடுக்கும் வேலைப்பாடு முழுக்க உடலிலும் போல்ட்டிலும் இருக்கிறது, அவை தேய்வதில்லை. தேய்வது பேரல் ஒன்றுதான். விற்பவரிடம் எத்தனை தோட்டா சுட்டார் என்று கேளுங்கள், ஆனால் அந்தப் பதிலை நம்பி வாங்காதீர்கள். மெல்லிய குழாய்க் கேமரா ஒன்றைப் பேரலுக்குள் விட்டுத் தோட்டா அறைக்கு முன்னால் வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். வறண்ட களிமண் தரை மாதிரி வெடிப்புகள் கொஞ்சம் இருந்தால் அது வயதுக்கு வரும் சுருக்கம்தான். வரிப்பள்ளத்தின் விளிம்பே மழுங்கிப் போயிருந்தால் பேரல் மாற்றும் செலவைக் கேட்டறிந்து விலையில் கழியுங்கள். பேரலின் வாய் விளிம்பில் வெட்டு, நசுங்கல் இருக்கக் கூடாது. துப்பாக்கி காலி என்பதை நீங்களே கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டு உறுதி செய்த பிறகு, போல்ட்டைக் கழற்றி லக்குகளின் பின்பக்கத்தைப் பாருங்கள். உராய்ந்த பளபளப்பு எல்லா லக்கிலும் ஒரே அளவாக இருந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் இருந்தால் மற்றவை சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். கட்டையின் கைப்பிடிக்குப் பின்னாலும் உதைப்பைத் தாங்கும் இடத்திலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கடைசியாக, விற்பவரையும் அழைத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போய்ப் பத்துத் தோட்டா சுட்டுவிட்டு விலை பேசுங்கள். சுட விடமாட்டேன் என்றால் வாங்க வேண்டாம். உரிமத்தில் அந்தத் துப்பாக்கியின் எண்ணைப் பதிந்து பெயர் மாற்றும் முறை உங்கள் ஊர்ச் சட்டப்படி முடியும்வரை துப்பாக்கி அவரிடமே இருக்கட்டும், முன்பணமும் அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான்.